ஹெலிகாப்டர் ஏன் வேகமாகப் பறக்க முடிவதில்லை: பின்வாங்கும் பிளேடின் கதை

ராணுவ ஹெலிகாப்டர்களின் விவரப் பட்டியல்களை முதன்முறையாகப் புரட்டுகிறவரை இரண்டு விஷயங்கள் நிச்சயம் திகைக்க வைக்கும். முதலாவது, இரண்டு பெரிய ரோட்டர்களை (சுழலும் பிளேடுத் தொகுதிகளை) தலையில் சுமந்துகொண்டு பெட்டி போன்ற உடலில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் சினூக், மெலிந்த உடலோடு சண்டைக்கென்றே வடிவமைக்கப்பட்ட அப்பாச்சியைவிட மட்டப் பறப்பில் வேகமானது என்பது. இரண்டாவது, போர் விமானங்கள் 1950களிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்ட நிலையில், வழக்கமான ஹெலிகாப்டர்களுக்கான உலக வேகச் சாதனை 1986 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் லிங்ஸ் எட்டிய மணிக்கு 400.87 கி.மீ. என்ற அளவிலேயே இன்றும் நிற்கிறது என்பது.

முதல் புதிருக்கு விடை எளிது. சினூக்கின் எஞ்சின்கள் அப்பாச்சியின் எஞ்சின்களைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் உள்ளவை. உடல் எதிர்த்திசையில் சுழன்றுவிடாமல் தடுக்கும் வால் ரோட்டர் அதற்கு இல்லாததால் அந்த ஆற்றல் முழுவதும் தூக்குவதற்கும் முன்னே செல்வதற்குமே பயன்படுகிறது. அப்பாச்சியோ ஏவுகணைகளையும் ராக்கெட்டுகளையும் பீரங்கியையும் வெளியே தொங்கவிட்டபடி காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது புதிர் அப்படித் தீர்வதில்லை. இந்த நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சாதனை அசையவில்லை. தடை எஞ்சினில் இருந்திருந்தால் அது எப்போதோ உடைந்திருக்கும். ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்தும் ரோட்டரேதான் அதன் வேகத்துக்கு வேலியாகவும் நிற்கிறது. அந்த வேலி எப்படி உருவாகிறது என்பதுதான் இங்கே நாம் பார்க்கவிருப்பது.

ஒரு பிளேடு உண்டாக்கும் தூக்குவிசை, அதன்மீது பாயும் காற்றின் வேகத்தையும், காற்றை அது சந்திக்கும் தாக்குகோணத்தையும் பொறுத்தது. கோணம் மாறாமல் வேகம் மட்டும் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். விமானத்தின் இறக்கைக்கு இதனால் தொல்லை ஏதும் இல்லை, ஏனென்றால் இடப்புற இறக்கையும் வலப்புற இறக்கையும் ஒரே வேகத்தில்தான் காற்றைச் சந்திக்கின்றன. ஹெலிகாப்டரும் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருக்கும்வரை, அதன் பிளேடுகள் வட்டத்தின் எந்தப் பகுதியில் இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் காற்றை வெட்டுகின்றன. முன்னே நகரத் தொடங்கியதும் அந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் யுஎச்-60 பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் ரோட்டர் விட்டம் 16.36 மீட்டர், அது நிமிடத்துக்கு 258 முறை சுழல்கிறது. அப்படியானால் பிளேடின் நுனி நொடிக்கு ஏறக்குறைய 221 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. மிதந்து நிற்கும்போது எல்லாத் திசையிலும் இதே வேகம்தான். இப்போது அந்த ஹெலிகாப்டர் நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் முன்னே செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே வலப்பக்கத்தில் இருக்கும் பிளேடு மூக்கின் திசையில் விரைகிறது. ஹெலிகாப்டரின் வேகமும் அதனோடு கூடி, நுனி நொடிக்கு 301 மீட்டர் வேகத்தில் காற்றைச் சந்திக்கிறது. இடப்பக்கத்து பிளேடு வாலை நோக்கிப் பின்வாங்குகிறது; ஹெலிகாப்டரின் வேகம் அங்கே கழிந்து, மிஞ்சுவது 141 மீட்டர்தான். ரஷ்யாவின் எம்ஐ-17 போன்றவற்றில் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றுவதால் பக்கங்கள் மட்டும் இடம் மாறும், கணக்கு மாறாது.

301-க்கும் 141-க்கும் உள்ள இந்த வேறுபாட்டை வர்க்கத்தில் பார்த்தால், தாக்குகோணம் சமமாக இருக்கும்போது முன்னேறும் நுனி பின்வாங்கும் நுனியைப் போல நாலரை மடங்கு தூக்குவிசையைத் தரும். பின்வாங்கும் பக்கத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. பிளேடின் நுனியிலிருந்து அச்சை நோக்கி உள்ளே வரவர அதன் சுழல்வேகம் குறைந்துகொண்டே வரும். நம்முடைய எடுத்துக்காட்டில் அச்சிலிருந்து சுமார் மூன்று மீட்டர் தூரத்தில் அந்த வேகம் சரியாக 80 மீட்டராக இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் பிளேடுக்குக் காற்றே படுவதில்லை என்று சொல்லலாம். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதியில் காற்று பிளேடின் பின்விளிம்பில் நுழைந்து முன்விளிம்பு வழியாக வெளியேறுகிறது! எட்டு மீட்டர் நீளப் பிளேடில் மூன்று மீட்டர் இப்படி வீணாகிவிட, மிச்சமுள்ள ஐந்து மீட்டர்தான் அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறது.

இதைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா பட்டறிந்து கண்டார். 1919-இல் அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் குண்டுவீச்சு விமானம் வேகம் குறைந்து ஸ்டால் ஆகி விழுந்தது. தாக்குகோணம் ஓர் அளவைத் தாண்டும்போது இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய், தூக்குவிசை சரிந்துவிடுவதையே ஸ்டால் என்கிறோம். அந்த விபத்துக்கு இடம் தராத ஒரு பறக்கும் பொறி வேண்டும் என்று எண்ணிய அவர், முன்னேறும்போது வரும் காற்றால் தானாகவே சுழலும் ரோட்டரைக் கொண்ட ஆட்டோஜைரோவை உருவாக்கினார். சிறிய மாதிரிகள் அழகாகப் பறந்தன. முழு அளவில் கட்டியவையோ ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தன. மாதிரிகளின் பிளேடுகள் வளையும் தன்மையுள்ள பிரம்பால் ஆனவை, பெரியவற்றின் பிளேடுகளோ விறைப்பானவை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒரு கீலை வைத்து, அது மேலும் கீழும் அசைய வழிசெய்தார். அப்படிக் கட்டப்பட்ட அவருடைய சி-4, 1923 ஜனவரியில் கவிழாமல் பறந்தது.

அந்தக் கீல் செய்யும் வேலை மிக நுட்பமானது. முன்னேறும் பிளேடுக்குத் தூக்குவிசை கூடும்போது அது கீலில் மேல்நோக்கி எழுகிறது. அப்படி எழும் பிளேடுக்கு, காற்று மேலிருந்து தன்மீது இறங்குவது போன்ற நிலை ஏற்படுவதால், அதன் தாக்குகோணம் தானாகவே குறைந்து, கூடுதல் தூக்குவிசை கரைந்துவிடுகிறது. பின்வாங்கும் பக்கத்தில் பிளேடு தாழ்கிறது. தாழும்போது காற்று கீழிருந்து மேலே வருவது போலாகித் தாக்குகோணம் கூடுகிறது. வேகம் உள்ள பக்கத்தில் கோணம் குறைவு, வேகம் இல்லாத பக்கத்தில் கோணம் அதிகம் என்ற இந்தப் பேரத்தால் இரு பக்கமும் சமமாகிவிடுகின்றன. கீலில் கட்டப்பட்ட பிளேடு மேலே மடங்கிவிடாதா என்று கேட்கத் தோன்றும். சுழலும்போது பல டன் அளவுக்கு மையவிலக்கு விசை அதை வெளிநோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால் அது விறைப்பாகவே நிற்கும். ரோட்டர் நின்றுவிட்டால் பிளேடுகள் சோர்ந்து தொங்குவதை நிறுத்திவைத்திருக்கும் எந்தப் பெரிய ஹெலிகாப்டரிலும் காணலாம்.

எம்ஐ-17 போன்ற ஒரு ஹெலிகாப்டரின் ரோட்டர் தலையை அருகில் நின்று பார்க்க வாய்த்தால், இந்தக் கதை முழுவதும் அங்கே இரும்பில் எழுதப்பட்டிருப்பது தெரியும். அச்சைச் சுற்றி ஐந்து பிளேடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் மேலும் கீழும் அசைவதற்கு ஒரு கீல், முன்னும் பின்னும் சற்றே ஆடுவதற்கு மற்றொரு கீல், தன் நீளவாக்கில் திருகிக் கோணத்தை மாற்றிக்கொள்வதற்கு மூன்றாவதாக ஒரு மூட்டு. ஒவ்வொரு பிளேடிலிருந்தும் ஒரு சிறு தண்டு கீழிறங்கி, அச்சைச் சூழ்ந்திருக்கும் ஸ்வாஷ்பிளேட் என்ற வட்டத் தட்டில் போய்ச் சேரும். பைலட் தன் கால்களுக்கிடையே உள்ள சைக்ளிக் தண்டைச் சாய்க்கும்போது அந்தத் தட்டு சாய்கிறது; சாய்ந்த தட்டின்மீது சுற்றிவரும் தண்டுகள் ஏறி இறங்க, ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கோணம் கூடி ஒருமுறை கோணம் குறைகிறது. இடப்பக்கம் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலோ எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேரக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எண்ணெயும் தூசியும் அப்பிய அந்தத் தலையைப் பார்த்த பிறகு, ஹெலிகாப்டரை வெறும் விசிறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தப் பேரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வேகம் கூடக்கூட, பின்வாங்கும் பிளேடு தன் பங்குத் தூக்குவிசையைத் தருவதற்கு மேலும் மேலும் அதிகமான தாக்குகோணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில், சியெர்வா எதிலிருந்து தப்பிக்க ரோட்டரை நாடினாரோ அதே ஸ்டால், பிளேடின் வெளிப்பகுதியில் வந்து நிற்கிறது. இதைப் பின்வாங்கும் பிளேடு ஸ்டால் என்பார்கள். விமானம் மெதுவாகச் சென்றால் ஸ்டால் ஆகும். ஹெலிகாப்டரோ வேகமாகச் சென்றால் ஸ்டால் ஆகும். புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதி விளங்கிவிடும்.

ஸ்டால் இடப்பக்கத்தில் நிகழ்ந்தாலும், சுழலும் பொருள் தன்மீது விழும் விசைக்குச் சுமார் கால் சுற்றுத் தள்ளியே பதிலளிக்கும் என்பதால், பிளேடு மிகத் தாழ்வாக இறங்குவது வாலுக்கு மேலே வரும்போதுதான். ரோட்டர் வட்டம் பின்னோக்கிச் சாய, ஹெலிகாப்டரின் மூக்கு மேலே எழுகிறது. அதோடு பின்வாங்கும் பக்கமாக உருளவும் பார்க்கிறது. அதற்கு முன்பே உடல் முழுவதும் கடுமையான அதிர்வு தொடங்கிவிடும். இந்த நிலையில் மூக்கைத் தாழ்த்தச் சைக்ளிக்கை முன்னே தள்ளுவது பின்வாங்கும் பிளேடின் கோணத்தை இன்னும் கூட்டி நிலைமையை மோசமாக்கும் என்பதால், முதலில் கலெக்டிவைத் தாழ்த்திப் பிளேடுகளின் சுமையைக் குறைக்க வேண்டும், பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றே பைலட்டுகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

அப்படியானால் ரோட்டரை இன்னும் விரைவாகச் சுற்றினால் போதாதா? அப்படிச் செய்தால் பின்வாங்கும் பிளேடுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் முன்னேறும் பிளேடு அங்கே மாட்டிக்கொள்ளும். கடல்மட்டத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். முன்னேறும் நுனி அதை நெருங்கும்போது பிளேடின்மீது அதிர்ச்சி அலைகள் உருவாகி, காற்றின் எதிர்ப்பு திடீரென எகிறும், பிளேடு முறுக்கப்படும், இரைச்சல் காதைப் பிளக்கும். வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க ஹெலிகாப்டரான ஹூயியின் ‘டப், டப்’ என்ற ஓசை மைல்கணக்கில் முன்கூட்டியே கேட்டதற்கு, அதன் இரண்டே இரண்டு அகலமான பிளேடுகளின் நுனிகள் நொடிக்கு 250 மீட்டரை ஒட்டிய வேகத்தில் சுற்றியதும் ஒரு காரணம். அதன்மேல் முன்னோக்கிய வேகமும் சேர்ந்துகொண்டது. ஆக, ரோட்டரை வேகமாகச் சுற்றினால் ஒரு பக்கம் ஒலித்தடை, மெதுவாகச் சுற்றினால் மறுபக்கம் ஸ்டால். ஹெலிகாப்டரின் வேகம் கூடக்கூட இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சந்து குறுகிக்கொண்டே போய், கடைசியில் அடைபட்டுவிடுகிறது.

இந்தச் சந்து எல்லா நாளும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. சுமை கூடினால் எல்லாப் பிளேடுகளும் அதிகக் கோணம் எடுக்க வேண்டும். 60 பாகை சாய்ந்து, உயரம் இழக்காமல் திரும்பினால் ரோட்டர் ஹெலிகாப்டரின் எடையைப் போல இரு மடங்கைச் சுமக்க வேண்டும். உயரே போகப்போகக் காற்று மெலிகிறது. 5,500 மீட்டர் உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும், ஆகவே அங்கும் கோணம் கூடத்தான் வேண்டும். போதாக்குறைக்கு அங்குள்ள குளிரில் ஒலியின் வேகமும் நொடிக்குச் சுமார் 319 மீட்டராக இறங்கிவிடுவதால், மலைப்பகுதியில் பறக்கும் ஹெலிகாப்டரை இரு சுவர்களும் ஒரே நேரத்தில் நெருக்குகின்றன. ஒருபோதும் தாண்டக் கூடாத வேகம் என்று பைலட்டுக்குத் தரப்படும் எல்லை ஒற்றை எண்ணாக இல்லாமல், உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் எடைக்கும் ஏற்ப மாறும் அட்டவணையாக இருப்பதன் காரணம் இதுதான். விவரப் பட்டியலில் காணும் உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஹெலிகாப்டர்களை மோதவிடும் ஆர்வலர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த அட்டவணையைத்தான்.

லிங்ஸ் 1986-இல் செய்தது, அந்தச் சந்தின் கடைசி அங்குலம்வரை போய்ப் பார்த்ததே. அதற்காக அதன் எஞ்சின்களுக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கரைசலைச் செலுத்தித் தற்காலிகமாக ஆற்றலைக் கூட்டினார்கள் என்றாலும், உண்மையான வித்தை பிளேடின் நுனியில் இருந்தது. பெர்ப் என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் ஆராய்ச்சித் திட்டத்தில் உருவான அந்த நுனி, துடுப்பு போல அகன்று, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்னேறும் பக்கத்தில் ஒலித்தடையைத் தள்ளிப்போடுகிறது, அதன் வடிவம் பின்வாங்கும் பக்கத்தில் பெரிய கோணத்திலும் காற்றைப் பிய்த்துக்கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. 400 கி.மீ. வேகத்தில் அதன் முன்னேறும் நுனி ஒலியின் வேகத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. இன்றைய மெர்லின், வைல்ட்கேட் ஹெலிகாப்டர்களின் பிளேடுகளில் அதே துடுப்பு நுனியைக் காணலாம்.

சந்தைக் கடக்க முடியாதபோது சுற்றிக்கொண்டு போகப் பார்த்தவர்களும் உண்டு. எம்ஐ-24 ஹெலிகாப்டரின் இருபுறமும் உள்ள குட்டை இறக்கைகளை ஆயுதம் தொங்கவிடும் கொக்கிகள் என்றே பலர் எண்ணுகிறார்கள். வேகமாகப் பறக்கும்போது மொத்தத் தூக்குவிசையில் ஏறத்தாழ கால் பங்கை அவை தந்து ரோட்டரின் சுமையைக் குறைக்கின்றன. அந்த வகையின் மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஹெலிகாப்டர் 1978-இல் மணிக்கு 368.4 கி.மீ. வேகத்தை எட்டியதில் அவற்றுக்கும் பங்குண்டு. மிதந்து நிற்கும்போதோ அதே இறக்கைகள் ரோட்டர் கீழே தள்ளும் காற்றின் குறுக்கே நின்று வெறும் சுமையாகிவிடுகின்றன. அமெரிக்காவின் ஏஎச்-56 செயென் இன்னும் ஒரு படி மேலே போய், இறக்கைகளோடு வாலில் தள்ளும் புரொப்பல்லர் ஒன்றையும் வைத்துக்கொண்டு 1967-இல் பறந்தது. வேகம் வந்தது, கூடவே அதன் விறைப்பான ரோட்டரில் அடங்காத ஆட்டமும் வந்தது. 1969-இல் ஒரு விபத்தில் பைலட் உயிரிழந்தார். 1972-இல் திட்டமே கைவிடப்பட்டது.

என்னைக் கேட்டால், இவற்றில் மிக அழகான யோசனை ஒரே அச்சில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ரோட்டர்களை வைப்பதுதான். இடப்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று என எப்போதும் இரு பக்கமும் முன்னேறும் பிளேடு இருக்கும். பின்வாங்கும் பிளேடுகளை வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, முன்னேறுபவற்றை மட்டும் வைத்தே பறக்கலாம். ரஷ்யாவின் கா-52-இலும் இப்படி இரண்டு ரோட்டர்கள் உண்டு, ஆனால் அதன் பிளேடுகள் கீல் கொண்டவை என்பதால், ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவற்றை வெகுதூரம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது; வேகத்தைவிட, வால் ரோட்டரே தேவையில்லை என்பதுதான் அதற்குக் கிடைத்த முதன்மையான ஆதாயம். கீல் இல்லாத விறைப்பான பிளேடுகளோடு இந்த யோசனையை சிகோர்ஸ்கி நிறுவனம் 1973 முதல் சோதித்தது. முதல் சோதனை ஹெலிகாப்டர், துணை ஜெட் எஞ்சின்களின் உதவியோடு 400 கி.மீ.-ஐத் தாண்டினாலும், அதிர்வும் எரிபொருள் செலவும் தாங்க முடியாதவையாக இருந்தன. அதன் வழித்தோன்றலான எக்ஸ்2, வாலில் ஒரு தள்ளும் புரொப்பல்லரோடு, வேகமாகப் பறக்கும்போது ரோட்டரை மெதுவாகச் சுற்றும் உத்தியையும் கையாண்டு, 2010-இல் மணிக்கு 460 கி.மீ. வேகத்தை எட்டியது. ஒலித்தடைக்கு அஞ்சி ரோட்டரை மெதுவாக்கும்போது இனி மறுபக்கத்து ஸ்டாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே அங்கே கிடைத்த விடுதலை.

விளிம்பில் நின்று பேரம் பேசுவதை விட்டுவிட்டு, முன்னே போகும்போது ரோட்டரையே முன்னோக்கித் திருப்பிவிடுவது டில்ட்ரோட்டரின் வழி. வி-22 ஆஸ்பிரேயின் இரண்டு ரோட்டர்களும் எழும்போது வானத்தைப் பார்க்கும். வேகம் பிடித்ததும் எஞ்சின்களோடு சேர்ந்து முன்னே சாய்ந்து சாதாரண புரொப்பல்லர்களாகிவிடும். காற்று இப்போது நேர் முன்னாலிருந்து வருவதால் முன்னேறும் பக்கம், பின்வாங்கும் பக்கம் என்ற பேச்சே எழாது. தூக்கும் வேலையை இறக்கை பார்த்துக்கொள்ள, ஆஸ்பிரே மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கிறது. அமெரிக்கத் தரைப்படை 2022 டிசம்பரில் எக்ஸ்2 வழிவந்த வடிவத்தை விடுத்து வி-280 வேலர் என்ற டில்ட்ரோட்டரைத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் புரொப்பல்லராகவும் வேலை செய்ய வேண்டிய ரோட்டரை மிகப் பெரிதாக வைக்க முடியாது. ஆஸ்பிரேயின் ஒவ்வொரு ரோட்டரின் விட்டமும் 11.6 மீட்டர், சினூக்கின் ஒவ்வொரு ரோட்டரும் 18.3 மீட்டர். செங்குத்தாக எழும்போது இரண்டின் உச்ச எடையும் 22 முதல் 24 டன்னுக்குள்தான் அடங்கும். ஏறத்தாழ ஒரே எடையைச் சினூக்கில் உள்ளதைவிட இரண்டரை மடங்கு குறைந்த பரப்பின் வழியே காற்றைத் தள்ளித் தாங்க வேண்டியிருப்பதால், ஆஸ்பிரேக்கு மிதப்பதற்கு அதிக ஆற்றல் செலவாகிறது. அதன் அடியில் இறங்கும் காற்று, கீழே கயிற்றைப் பிடிக்கக் காத்திருப்பவரை நிலைகுலையச் செய்யும் அளவுக்குச் சீறிக்கொண்டு வருகிறது. ஒருவரைக் கடலிலிருந்து கயிற்றில் தூக்கும் வேலையும் மலைச்சரிவில் நெடுநேரம் மிதந்து நிற்கும் வேலையும் பெரிய, சோம்பலான ரோட்டரைக் கொண்ட பழைய வகை ஹெலிகாப்டர்களுக்கே இன்னும் தரப்படுகின்றன.